அரைப் புள்ளியைக் கழற்றுங்கள்: 9க்கு 9 பலகையில் கோ போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுபலகையில் கோ போட்டி நடத்தும் சங்கங்களுக்கும், விதிமுறை எழுதும் குழுக்களுக்கும், இணையத்தில் ஆட்டக்களம் அமைத்திருப்போருக்கும்,

வணக்கம்.

நாங்கள் கேட்க வந்தது ஒன்றுதான். 9க்கு 9 பலகையில் பரப்புக் கணக்கு வைத்து ஆடும்போது வெள்ளைக்குத் தரும் கூடுதல் புள்ளியான கொமியை 7.5 என்றோ 6.5 என்றோ 5.5 என்றோ வைக்காதீர்கள். வெறும் 7 என்று வையுங்கள். ஆட்டம் சமமாக முடிந்தால் சமம் என்றே தாளில் எழுதுங்கள். ஜப்பானிய நிலக் கணக்கில் ஆடினால் 6 வையுங்கள். அந்த அரைப் புள்ளி எதற்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்தால் நடைமுறையில் எங்கெங்கே இடறும், இடறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறோம்.

விதிக்குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனாலும் இம்மடலைப் புதியவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சில வரிகள். கோ ஆட்டத்தில் இருவர் கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்து இடம் வளைக்கிறார்கள்; கறுப்பு முதலில் கல் வைக்கிறது. முதலில் வைப்பவருக்கு ஓர் ஆதாயம் உண்டு. அதை ஈடுகட்ட, கணக்கு முடிந்தபின் வெள்ளைக்குச் சில புள்ளிகள் கூட்டித் தருவதே கொமி. கணக்கு இரண்டு வகை. சீனர்கள் வழக்கமாகக் கொண்ட பரப்புக் கணக்கில், பலகையில் உயிரோடு நிற்கும் நம் கற்களும் அவை வளைத்த காலி இடங்களும் சேர்த்து எண்ணப்படும். ஜப்பானியர் வழக்கமான நிலக் கணக்கில், வளைத்த காலி இடங்களும் பிடித்த கைதிக் கற்களும் மட்டுமே எண்ணிக்கையில் வரும். இந்த வேறுபாடு பெரிய பலகையில் ஒரு ஓரத்து விஷயம் போலத் தோன்றும். சிறுபலகையில் அதுதான் முக்கியமே.

எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் கொமி வழக்கமாக இல்லை. ஒரே இருவர் பல ஆட்டங்கள் ஆடினார்கள், நிறம் மாற்றி மாற்றி ஆடி ஈடுகட்டிக்கொண்டார்கள். ஒரே ஆட்டத்தில் வெற்றி தோல்வி முடிவாகவேண்டிய போட்டிகள் வந்தபிறகுதான், 1930களில், கொமி அங்கே பரவத் தொடங்கியது. பிறகு அது ஏறிக்கொண்டே வந்தது. 4.5, அப்புறம் 5.5, 2002 முதல் 6.5. அரைப் புள்ளி ஏன் வந்தது என்றால் சமநிலை வரக்கூடாது என்பதற்காகத்தான். அதற்கும் நியாயத்துக்கும் தொடர்பில்லை. போட்டி அட்டவணைக்கு வசதி, அவ்வளவுதான். 19க்கு 19 பலகையில் மனிதர்கள் ஆடும்போது அந்த அரை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதனால் யாரும் கேள்வி கேட்கவுமில்லை.

சீனாவில் நடந்ததைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அங்கே 5.5ஆக இருந்த கொமி 2002 வாக்கில் நேராக 7.5க்குத் தாவியது. இரண்டு புள்ளியை ஒரு கல்லாக எண்ணும் அவர்கள் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் கல்லிலிருந்து மூன்றே முக்கால் கல்லுக்கு. ஜப்பானைப் போல நடுவில் 6.5இல் நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் எளிய கூட்டல் கழித்தல். பரப்புக் கணக்கில் பலகையில் கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியும் ஆட்ட முடிவில் ஒருவருக்குச் சொந்தமாகிறது. 19க்கு 19 பலகையில் மொத்தம் 361. அது ஒற்றைப்படை எண். ஒற்றைப்படையை இருவர் பங்கிட்டால் வித்தியாசமும் ஒற்றைப்படையாகத்தான் வரும். 181க்கு 180 என்றால் 1, 183க்கு 178 என்றால் 5, 184க்கு 177 என்றால் 7. ஆறு புள்ளியில் கறுப்பு ஜெயிக்க வழியே இல்லை. எனவே 5.5 கொமி வைத்தாலும் 6.5 கொமி வைத்தாலும் கறுப்பு 7 புள்ளி முந்தினால்தான் வெற்றி. இரண்டும் ஒரே விதி. பெயர்தான் வேறு. இதில் ஒரே விலக்கு சேக்கி. இரு பக்கமும் கைவைக்க முடியாமல் பொதுவாகக் கிடக்கும் காலி இடங்கள் ஒற்றைப்படையில் நின்றுவிட்டால் கணக்கு இரட்டையாகும். அது எப்போதாவது வருவது.

இப்போது சிறுபலகைக்கு வருவோம். 9க்கு 9 பலகையில் 81 புள்ளிகள். அதுவும் ஒற்றைப்படை. எனவே இங்கேயும் 5.5க்கும் 6.5க்கும் வேறுபாடில்லை. 7.5க்கும் 8.5க்கும் வேறுபாடில்லை. சில சங்கங்கள் "6.5 வெள்ளைக்குப் போதவில்லை, 7.5 அதிகம், நடுவில் பார்த்து 7 வைக்கலாமா" என்று பேரம் பேசுவதுபோலத் தோன்றும். உண்மையில் பேரத்துக்கு இருப்பது மூன்றே நிலைகள்தான். கறுப்பு 7 புள்ளி முந்தினால் கறுப்புக்கு வெற்றி என்பது ஒன்று. அதே 7இல் வெள்ளைக்கு வெற்றி என்பது இரண்டு. சமம் என்பது மூன்று. 6.5 முதல் நிலை, 7.5 இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையைத் தருவது 7 மட்டும்தான்.

எண்ணிக்கை அந்த 7இல் சரியாக வந்து நிற்பதால்தான் இவ்வளவு பேச்சு. இரு பக்கமும் குறையின்றி ஆடினால் 9க்கு 9 பலகையில் பரப்புக் கணக்கில் கறுப்பு 7 புள்ளி முந்தும் என்பதே இன்று வலுவான கோ கணினி நிரல்கள் காட்டும் முடிவு. டேவிட் வூ எழுதிய கட்டாகோ நிரலைக் கொண்டு கட்டப்பட்ட 9க்கு 9 தொடக்க நூலகமும் இதையே சொல்கிறது. கணித முறையில் இது நிரூபணம் ஆகாது. 9க்கு 9 பலகையில் விதிப்படி சாத்தியமான நிலைகள் சுமார் 10இன் 38ஆம் அடுக்கு. அதை முழுக்கத் துழாவி முடிக்க இயலாது. 5க்கு 5 பலகையிலோ 41,429 கோடிக்குச் சற்று மேலான நிலைகள்தான். அதனால் 2002இல் எரிக் வான் டெர் வெர்ஃப் அதைக் கணினியில் முழுமையாகத் தீர்க்க முடிந்தது. 9க்கு 9இல் நம்மிடம் இருப்பது பலமான சாட்சி. தேடல் எவ்வளவு ஆழமாகப் போனாலும் கைமாறாமல் நிற்கும் சாட்சி. ஒரு போட்டி விதி எழுத அது தாராளமாகப் போதும். இன்றுள்ள 7.5க்கு அந்த அளவு சாட்சிகூடக் கிடையாது. அது பெரிய பலகையிலிருந்து அப்படியே தூக்கி வந்தது.

"பலகை சிறிது, எனவே கொமியும் சிறிதாக இருக்கவேண்டும்" என்று ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறு. 3க்கு 3 பலகையில் கறுப்பு நடுவில் வைத்தால் 9 புள்ளியும், அதாவது பலகை முழுவதும், கறுப்புக்கே. 4க்கு 4இல் 2 புள்ளிதான். 5க்கு 5இல் மறுபடி பலகை முழுவதும், 25. 6க்கு 6இல் 4 என்று கருதப்படுகிறது. 7க்கு 7இல் 9. பிறகு 9க்கு 9இல் 7. பெரிய பலகையிலும் ஏறக்குறைய 7தான். இந்த வரிசையில் ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை. 5க்கு 5இல் கறுப்பு நடுவில் வைத்துவிட்டால் வெள்ளைக்கு உயிர் பிழைக்க இடமே கிடையாது. அதனால்தான் 25. 7க்கு 7இல் வெள்ளைக்குப் பிழைக்க ஒரு மூலை கிடைக்கிறது. ஆனால் அதற்கு விலை கொடுத்தாகவேண்டும். வெள்ளை எங்கே குடியமர்கிறது, கடைசிப் பயனுள்ள கல்லை யார் வைக்கிறார் என்பவையே எண்ணைத் தீர்மானிக்கின்றன. விகிதாச்சாரம் போட்டு, 19க்கு 7 என்றால் 9க்கு மூன்றரை என்று எழுதினால் அது கறுப்புக்கு வெற்றியை இனாமாகக் கொடுப்பதாகும்.

7க்கு 7 பற்றி ஒரு வார்த்தை. அதன் கணக்கைக் கணினி வருவதற்கு முன்பே ஜப்பானிய அமெச்சூர்கள் சிலர் கையால் ஆராய்ந்திருந்தார்கள். 2015இல் சீனத் தொழில்முறை வீரர் லி ஜே, சில வலுவான அமெச்சூர்களோடு சேர்ந்து விரிவாக ஆராய்ந்து, கறுப்பு 9 புள்ளி முந்தும் என்ற முடிவுக்கு வந்தார். நிரல்களும் பிறகு அதையே சொல்கின்றன. மனித மூளை இத்தனை துல்லியமாகச் சென்று சேர்ந்த கணக்கு இதைவிடப் பெரிய பலகை எதிலும் இல்லை. எங்களுக்குப் பிடித்த சங்கதி இது, மன்னிக்கவும்.

நிலக் கணக்குக்கு ஏன் 6 என்று கேட்பீர்கள். முதல் கல் கறுப்பினுடையது. இரு பக்கமும் மாறி மாறி வைக்கும்போது கடைசிக் கல்லும் கறுப்பினுடையதாக அமைந்தால் பலகையில் கறுப்பு ஒரு கல் கூடுதலாக வைத்திருக்கும். பரப்புக் கணக்கில் அந்தக் கல்லுக்கு ஒரு புள்ளி உண்டு, நிலக் கணக்கில் கிடையாது. பரப்பில் 7ஆக இருப்பது நிலத்தில் 6ஆக இறங்குவது இப்படித்தான். வெள்ளை கடைசிக் கல்லை வைத்தால் இரண்டு கணக்கிலும் 7 வரும். ஆக நிலக் கணக்கில் எண்கள் ஒவ்வொன்றாக நகரும். பரப்புக் கணக்கில் இரண்டிரண்டாகத் தாவும். ஜப்பானிய விதியில் 6.5 வைக்கும் போட்டியில் வெள்ளைக்கு அரைப் புள்ளி ஆதாயம். 5.5 வைத்தால் கறுப்புக்கு அரைப் புள்ளி. ஜப்பானிய விதியை எடுத்துக்கொண்டு சீனாவின் 7.5ஐ ஒட்டவைத்தால், அப்படிச் செய்யும் போட்டிகளும் உண்டு, வெள்ளைக்கு ஒன்றரைப் புள்ளி ஆதாயம். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் கொமியை மட்டும் அறிவிப்பது உப்பு எத்தனை கரண்டி என்று சொல்லி, கரண்டி எந்த அளவு என்று சொல்லாததைப் போன்றது. அமெரிக்க கோ சங்கத்தின் விதியைப் பின்பற்றுவோருக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே பாஸ் (கல் வைக்காமல் தன் முறையை விடுவது) சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கல்லைக் கைதியாகக் கொடுக்கவேண்டும், கடைசிப் பாஸ் வெள்ளையினுடையதாக இருக்கவேண்டும். அதனால் எந்தக் கணக்கில் எண்ணினாலும் பரப்புக் கணக்கின் விடையே வரும். அவர்களும் 9க்கு 9இல் 7 வைக்கலாம்.

எங்கள் சொல்லை நம்பவேண்டாம், நீங்களே சரிபார்க்கலாம். கட்டாகோவை ஒரு சாதாரண கணினியில் இயக்கி, பலகை அளவு 9, விதி சீனம் என்று வையுங்கள். முதலில் கொமி 7 கொடுத்து வெறும் பலகையை ஆராயவிடுங்கள். பிறகு அதே பலகையில் 6.5 கொடுங்கள், அப்புறம் 7.5. தேடல் ஆழமாக ஆழமாக 6.5இல் வெற்றி வாய்ப்பு கறுப்புப் பக்கமும், 7.5இல் வெள்ளைப் பக்கமும் சாய்ந்துகொண்டே போகும். 7இல் நடுவில் நிற்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. புள்ளி வித்தியாசம் என்று திரையில் வரும் எண் அரைப் புள்ளி அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்து "அரைதானே, சமம் மாதிரிதான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெற்றி வாய்ப்பின் சதவீதத்தைப் பாருங்கள். கணக்கு ஒற்றைப்படையில் தாவும் பலகையில் அந்த அரை என்பது முழு ஆட்டம். நிரல் தன்னோடு தானே ஆடும்படி விட்டால் முதல் இரண்டு மூன்று கற்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கும், நூறு ஆட்டம் ஓடினாலும் ஒரு ஆட்டத்தின் சாட்சிதான் கிடைக்கும்.

"எங்கள் போட்டியில் ஆடுவது 15 கியூ, 10 கியூ என்ற கற்றுக்கொள்ளும் நிலைத் தரத்தினர். ஒரு தவறில் பத்துப் புள்ளி போகும் இடத்தில் அரைப் புள்ளிக்கு என்ன மடல்?" என்பது நியாயமான கேள்வி. அந்த மேசைகளில் உண்மையிலேயே எந்த வேறுபாடும் தெரியாது. தெரிவது வலுவானவர்கள் ஆடும் முதல் இரண்டு மேசைகளில்தான். 9க்கு 9 ஆட்டம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது கற்களில் முடிந்துவிடும். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு கற்களை மனப்பாடம் செய்து வருபவர்கள் இருக்கிறார்கள். 7.5 கொமியில் வெள்ளைக்கு மனப்பாடம் செய்த வழி ஒன்று போதும். அமைதியாக ஆடிப் பங்கிட்டுக்கொண்டே போனால் கறுப்பு 7இல் முடியும், வெள்ளை வென்றிருக்கும். எனவே கறுப்பு எங்காவது தகராறு இழுத்தே தீரவேண்டும். வெள்ளையின் மூலையில் பிழைக்க வாய்ப்பில்லாத இடத்தில் கல்லை எறியவேண்டும். 6.5இல் இதே கதை நிறம் மாறி நடக்கும். 7இல் இருவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. யார் நன்றாக ஆடினார் என்பது மட்டும் மிஞ்சும்.

நிறப் பங்கீடும் சேர்ந்து கெடுக்கிறது. ஐந்து சுற்று சுவிஸ் போட்டியில் (யாரையும் வெளியேற்றாமல், சமமாக வென்றவர்களை மோதவிடும் முறை) ஒருவர் மூன்று முறை ஒரு நிறமும் இரண்டு முறை மற்ற நிறமும் பெறுவார். கொமி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மூன்று வெள்ளை கிடைத்தவருக்கு ஒரு சுற்று சும்மா வந்த மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் நிகிரி பிடித்து, அதாவது கைப்பிடிக் கற்கள் ஒற்றையா இரட்டையா என்று சொல்லி நிறம் முடிவுசெய்தால், ஐந்து வெள்ளையும் ஒருவருக்கே விழலாம். சுற்றுகளை நான்கு அல்லது ஆறாக வைத்து நிறத்தைச் சரிபாதியாக ஒதுக்கினால் 7.5இன் கேடு பாதி குறையும். கொமியை மாற்ற விருப்பமில்லாத சங்கங்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யலாம்.

சரி, 7 வைத்தால் எண்ணுவது எப்படி? நடுவர்கள் இதற்குப் பயப்படவேண்டியதில்லை. முன்பைவிட எளிதுதான். செத்த கற்களை எடுத்துவிட்டு, பொது இடங்களை (இருவரும் வளைக்காமல் இடையில் கிடக்கும் காலி இடங்களை) நிரப்பியபின், கறுப்பின் கற்களையும் கறுப்பு வளைத்த இடங்களையும் மட்டும் எண்ணுங்கள். 81இல் பாதி நாற்பதரை, அதோடு கொமியின் பாதியான மூன்றரையைக் கூட்டினால் 44. கறுப்புக்கு 44 வந்தால் சமம். 45 அல்லது அதற்கு மேல் என்றால் கறுப்பு வென்றது. 43 அல்லது அதற்குக் கீழ் என்றால் வெள்ளை வென்றது. வெள்ளைப் பக்கத்தை எண்ணவே தேவையில்லை. சேக்கி இருந்தால் மட்டும் பொது இடங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கறுப்பின் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது 43.5, 44.5 போன்ற எண்கள் வரலாம். 44.5 கறுப்புக்கு வெற்றி, 43.5 வெள்ளைக்கு. 13க்கு 13 பலகையில் 169 புள்ளிகள். 7 கொமி என்றால் 88இல் சமம். 7க்கு 7இல் 49 புள்ளிகள். 9 கொமி என்றால் 29இல் சமம். இந்த மூன்று எண்களை, 44, 88, 29, ஒரு அட்டையில் எழுதி நடுவர் மேசையில் ஒட்டிவிடுங்கள். எண்ணும் இடத்தில் வழக்கமாக நேரும் பிழை ஒன்றுண்டு. பொது இடங்களை நிரப்பாமலே இருவரும் பாஸ் சொல்லிவிட்டு, பிறகு நடுவர் அதை ஒருவருக்கு எழுதிவிடுவது. நிலக் கணக்குக்குப் பழகியவர்கள் இதை அடிக்கடி செய்வார்கள். பரப்புக் கணக்கில் பொது இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. 7இல் சமமாகவேண்டிய ஆட்டம் அங்கே திசைமாறிப் போகும். கடைசிவரை மாறி மாறி நிரப்பச் சொல்லி அறிவியுங்கள்.

சமநிலை வந்தால் அட்டவணை என்னாகும்? சுவிஸ் முறையிலும், தரத்துக்கேற்ற தொடக்கப் புள்ளி தரும் மக்மஹோன் முறையிலும் ஒன்றும் ஆகாது, ஆளுக்கு அரை. ஓப்பன்கோத்தா போன்ற இணைசேர்க்கும் மென்பொருளில் அரைக்கு அரை என்று பதிவிட இடமிருக்கிறது. நாக்-அவுட் சுற்றில்தான் சிக்கல். அங்கே சிலர் கண்டுபிடிக்கும் தீர்வு, "சமமானால் வெள்ளைக்கு வெற்றி". தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது 7.5ஐ வேறு சட்டை மாட்டி உள்ளே கூட்டிவருவது. இங் சாங்-கி வகுத்த இங் விதியில் 8 கொமி வைத்து, சமமானால் கறுப்புக்கு வெற்றி என்பார்கள். அதுவும் 7.5தான். நிறத்தை மாற்றி, பாதி நேரத்தில், மறுஆட்டம் ஆடவிடுங்கள். முதல் ஆட்டம் தலா 15 நிமிடம் என்றால் மறுஆட்டம் தலா 7 நிமிடம் போதும். அதுவும் சமமானால் இன்னொன்று, தலா 5 நிமிடம், மறுபடி நிறம் மாற்றி. மூன்றாவதும் சமமானால் நிரல் தேர்ச்சி பெற்ற இருவர் மோதுகிறார்கள் என்று பொருள். அப்போது கீழே சொல்லும் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான் முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் முதல் பரிந்துரையாக வைக்கவில்லை. புதியவருக்கு விளக்க ஐந்து நிமிடம் வேண்டும் என்பதுதான் காரணம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு சட்டைப் பொத்தானோ நாணயமோ வைக்கிறோம். தன் முறை வரும்போது கல் வைப்பதற்குப் பதிலாகவும், பாஸ் சொல்வதற்குப் பதிலாகவும் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவருக்கு அரைப் புள்ளி. ஒரே முறைதான் எடுக்கமுடியும். பிறகு வழக்கம்போல இரண்டு பாஸ் வந்தால் ஆட்டம் முடிவு. கொமி 7. கறுப்புக்கு 44 வந்து பொத்தானும் கறுப்பிடம் இருந்தால் கறுப்பு அரையில் வெல்லும். 44 வந்து பொத்தான் வெள்ளையிடம் இருந்தால் வெள்ளை அரையில் வெல்லும். சமநிலை இல்லை, ஆனால் அரைப் புள்ளி விதிக்குழுவின் கையிலிருந்து ஆட்டக்காரர் கைக்கு மாறிவிடுகிறது. பொத்தானை முன்கூட்டியே எடுப்பதுதான் வழக்கமான தவறு. பலகையில் ஒரு பொது இடம் மிச்சமிருக்கும்போது பொத்தானுக்குப் போனால் ஒரு புள்ளியை விட்டு அரையைப் பிடித்த கதையாகும். பொது இடங்கள் தீர்ந்தபின்தான் பொத்தான். குறையற்ற ஆட்டத்தில் கடைசிப் பொது இடம் கறுப்புக்கும் பொத்தான் வெள்ளைக்கும் போய், வெள்ளை அரையில் வெல்லும் என்பதும் உண்மையே. நிலக் கணக்கில் 6.5 வைப்பதும் இதுவும் அந்த வகையில் ஒன்றுதான். அதனால்தான் இதை மூன்றாம் மறுஆட்டத்துக்கு ஒதுக்குகிறோம்.

ஒருவர் கொமியைச் சொல்ல மற்றவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. கடலைமிட்டாயை ஒருவர் உடைத்தால் மற்றவர் முதலில் எடுப்பது போல. நேர்மையான முறைதான். ஆனால் அரைப் புள்ளிகளை மட்டும் சொல்ல அனுமதித்தால் அது உடைந்துவிடும். 6.5 என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் கறுப்பை எடுப்பார். 7.5 என்றால் வெள்ளையை எடுப்பார். சொல்பவருக்கு நல்ல விடையே கிடையாது. முழு எண்ணையும் அனுமதித்தால் இருவரும் விவரம் தெரிந்தவர்களானால் 7இல்தான் வந்து நிற்பார்கள். அதற்கு நேரடியாக 7 என்று எழுதிவிடலாம். ஏலமும் அப்படித்தான். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் "கறுப்பு ஆட நான் இத்தனை கொமி தருவேன்" என்று எழுதி மூடி வைத்து, அதிகம் எழுதியவர் அந்தக் கொமியில் கறுப்பு ஆடுவது. ஒரே எண் வந்தால் நிகிரி. கணக்கு யாருக்கும் சரியாகத் தெரியாத பலகைகளில் இது நல்ல முறை. உதாரணமாக 11க்கு 11 பலகையில் வேடிக்கைப் போட்டி வைத்தால் ஏலமே வைத்துவிடுங்கள். 9க்கு 9இல் அது சுற்றுக்கு ஐந்து நிமிடம் தின்பதைத் தவிர வேறொன்றும் தராது.

நிறம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடி, புள்ளி வித்தியாசத்தைக் கூட்டும் யோசனையையும் கேட்டிருப்பீர்கள். கொமியே வேண்டாம், பார்க்க அழகு. ஆனால் ஒருவர் முதல் ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டால் அதற்கு எத்தனை புள்ளி? ஒரு பெரிய கூட்டம் செத்து 40 புள்ளி போனால் இரண்டாம் ஆட்டத்துக்குப் பொருளே இருக்காது. வித்தியாசத்துக்கு 15 என்று உச்சவரம்பு வைத்து, ஒப்புக்கொண்ட தோல்வியையும் 15 என்றே எழுதினால் ஓரளவு சமாளிக்கலாம்.

13க்கு 13 பலகைக்கும் 7 என்றே கேட்கிறோம். அங்கே 9க்கு 9 அளவு உறுதியான சாட்சி இல்லை. ஆனால் 169ம் ஒற்றைப்படை என்பதால் 6.5க்கும் 7.5க்கும் இடையே நிற்கும் ஒரே எண் 7தான். 7க்கு 7இல் 9. 5க்கு 5 பலகைக்குக் கொமியே எழுதாதீர்கள். 25 கொமி என்பது பலகையையே தாரைவார்ப்பது. குழந்தைகளுக்கு அந்தப் பலகையில் முதலில் கல்லைப் பிடிப்பவர் ஜெயித்தார் என்ற ஆட்டமே போதும்.

திறமை வேறுபட்டவர்கள் 9க்கு 9இல் ஆடும்போது கூடுதல் கல் வைப்பதைவிடக் கொமியை நகர்த்துவதே நல்லது. கொமியை 7லிருந்து 0 ஆக்கினால் அது அரைக்கல் சலுகை. அதற்கு மேல் வேண்டுமானால் வெள்ளை கறுப்புக்குக் கொமி தரலாம். ஒரு முழுக் கூடுதல் கல்லின் மதிப்பு கொமியின் இருமடங்கு, அதாவது 14 புள்ளி அளவு. 81 புள்ளிப் பலகையில் அது பெரிய தாவல். ஆனால் இங்கேயும் கொமியை இரண்டிரண்டாக, ஒற்றைப்படை எண்களில் நகர்த்துங்கள். 7, 5, 3, 1. இடையில் இரட்டைப்படை எண்ணில் நிறுத்தினால் அது அரைப் புள்ளி விதியாகவே வேலைசெய்யும்.

இணையக் களம் நடத்துவோருக்கு இரண்டு வேண்டுகோள். ஆட்டம் தொடங்கும் திரையில் பலகை அளவை 19லிருந்து 9க்கு மாற்றினாலோ, விதியைச் சீனத்திலிருந்து ஜப்பானுக்கு மாற்றினாலோ, கொமிப் பெட்டியும் தானாக மாறவேண்டும். பழைய எண் அப்படியே நின்றுவிடுவதுதான் தவறான கொமிக்கு மிகச் சாதாரணமான காரணம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கவனிப்பதில்லை. இரண்டாவது, கொமிப் பெட்டியில் முழு எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள், முடிவில் சமம் என்று காட்டுங்கள், தரவரிசைக் கணக்கில் அதை இருவருக்கும் அரை வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி அறிவிப்பில் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி ஒரு வாசகம் எழுதிவைத்திருக்கிறோம்:

"பலகை 9க்கு 9. பரப்புக் கணக்கு. கொமி 7. பொது இடங்கள் அனைத்தும் மாறி மாறி நிரப்பப்பட்டபின் கறுப்பின் பரப்பு 44 எனில் சமநிலை. இருவருக்கும் அரை வெற்றி. நாக்-அவுட் சுற்றில் சமநிலை வந்தால் நிறம் மாற்றிப் பாதி நேரத்தில் மறுஆட்டம். அதுவும் சமமானால் மீண்டும் நிறம் மாற்றித் தலா 5 நிமிட ஆட்டம். அதுவும் சமமானால் பொத்தான் வைத்து ஓர் ஆட்டம், நிறம் நிகிரியில். நிலக் கணக்கில் நடக்கும் போட்டியானால் கொமி 6; மற்றவை அப்படியே."

அடுத்த போட்டியின் அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன் இதைப் பாருங்கள். சேக்கி விஷயத்திலோ பொத்தான் விஷயத்திலோ உங்கள் நடுவர்களுக்குச் சந்தேகம் எழுந்தால், ஆட்டப் பதிவை வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்து எண்ணிக் காட்டத் தயார்.

இப்படிக்கு,
சிறுபலகையில் ஆடுவோரும் நடுவராக நிற்போரும்